பம்புசெட்டில் தண்ணீர் குறைகிறதா? மோட்டாரை மாற்றுமுன் குழாயைப் பாருங்கள்

தமிழகத்தில் 1990-ம் ஆண்டு முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. பில் வராததால், பம்பு வீணாக்கும் மின்சாரம் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் அந்த நஷ்டம் தண்ணீர்க் குறைவாக வருகிறது. மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் கடைமடைப் பாத்திக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கோ நேரடியாகவே பணச் செலவு. தண்ணீர் குறைந்ததும் பெரிய மோட்டார் வாங்க நினைக்கும் விவசாயிகள், முதலில் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

புட்வால்வு: இதன் துளைகளின் மொத்தப் பரப்பு, குழாய் வாயின் பரப்பைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். பாசியும் சருகும் அடைத்தால் தண்ணீர் குறையும். அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்யவும்.

உறிஞ்சும் உயரம்: நீர்மட்டத்திலிருந்து பம்பு 20 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கக் கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால், கிணற்றுக்குள் மேடை அமைத்துப் பம்பைக் கீழே இறக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்றுப் புகாமல் பார்த்துக்கொள்ளவும்.

குழாயின் அளவு: பம்பின் வாய் 2 அங்குலம் என்பதற்காகக் குழாயும் 2 அங்குலமாக இருக்க வேண்டியதில்லை. அதே அளவு தண்ணீர் 2½ அங்குலக் குழாயில் செல்லும்போது, உராய்வினால் ஏற்படும் இழப்பு சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ரெடியூசர் வைத்து இணைக்கலாம். செங்குத்தாகத் திரும்பும் எல்போவைத் தவிர்த்து, நீண்ட வளைவுள்ள பெண்டு போடுவது நல்லது.

வீண் உயரம்: தொட்டிக்கு மேல் ஆளுயரத்தில் குழாயைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் கொட்டுவதைப் பல இடங்களில் காணலாம். 60 அடி தூக்க வேண்டிய தண்ணீரை 66 அடி தூக்கினால், வேலை பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. குழாயின் வாயைத் தொட்டி மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.

சோதித்துப் பாருங்கள்: 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தச் சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை; வாய்க்கால் கசிவு நீங்கலாக இதற்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே டிரம் 30 வினாடியில் நிரம்பினால் எட்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். திருத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும், கிணற்றில் ஒரே நீர்மட்டம் இருக்கும்போது அளந்தால்தான் வித்தியாசம் சரியாகத் தெரியும்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் தண்ணீர் கூடவில்லையெனில், பம்பைப் பிரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். புதிய மோட்டார் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். எந்த வேலைக்கும் முன், மெயின் சுவிட்சை நிறுத்தி பியூஸ்களைக் கழற்ற மறக்க வேண்டாம்.