மிச்ச நூலில் குல்லா... உறைபனிக்கு ஒரு தடுப்பு!

நீலகிரி மலையில் நவம்பர் பிறந்துவிட்டால், நீர்ப்பனி இறங்க ஆரம்பிக்கும். அடுத்து உறைபனி. பிப்ரவரி வரை இதே கதைதான். தேயிலைச் செடியைக் கருகாமல் பார்த்துக்கொள்வதில் காட்டும் அக்கறையை, தலைக்கும் காதுக்கும் காட்டுகிறோமா? கேரட் அறுவடை பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியே நடக்கிறது. பிடுங்கி, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு லோடு போய்ச் சேர வேண்டும். அந்தக் குளிரில் தோட்டத்தில் நிற்பவர்களுக்குக் குல்லா அலங்காரப் பொருள் அல்ல. மண்வெட்டி மாதிரி ஒரு வேலைக் கருவி.

ஸ்வெட்டர் பின்னும் வீடுகளில் பைக்குள் உருண்டுகிடக்கும் மிச்ச நூலே இதற்குப் போதும். பெரியவர் ஒருவருக்கான குல்லாவுக்கு நடுத்தர கனமுள்ள நூல் 60 முதல் 80 கிராம் பிடிக்கும். சமையலறைத் தராசில் எடை போட்டுவிட்டே ஆரம்பிக்கலாம்.

முதலில் நூலைப் பிரியுங்கள்

மிச்ச நூலில் ஆட்டு ரோமமும் இருக்கும், அக்ரிலிக்கும் இருக்கும். சிறு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். ரோமம், முடி கருகும் வாசனையோடு எரிந்து, தானாக அணையும். சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகி, கெட்டியான மணிபோல உறையும்.

இது வெறும் தரம் பார்க்கும் சோதனை அல்ல. அறுவடைக்கு முன் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது மலையில் வழக்கம். தீப்பொறி பட்டால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, நெருப்பருகே இருப்பவர்களுக்கு ரோம நூல் குல்லாவே நல்லது. அக்ரிலிக்கை மற்றவர்களுக்குப் பின்னலாம். இரண்டையும் ஒரே குல்லாவில் கலக்க வேண்டாம். வெந்நீர் பட்டால் ரோமம் சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது, குல்லா கோணிவிடும்.

கணக்கு இதுதான்

தலைச் சுற்றளவு 56 செ.மீ என்றால், குல்லா 51 செ.மீ இருந்தால் போதும். இழுபட்டு, காதோடு ஒட்டி நிற்கும். 4 மி.மீ ஊசியில் சிறு துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 செ.மீ அகலத்தில் 22 கண்ணி வந்தால், மொத்தம் 112 கண்ணி. ஓரம் சேர்த்துத் தைக்க 2 கூடுதல்; ஆக 114. கை இறுக்கத்தைப் பொறுத்து இது மாறும். எனவே, மாதிரித் துண்டைத் தவிர்க்கக் கூடாது. நூல் மெலிதாக இருந்தால், இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னலாம்.

முதல் 5 செ.மீ, நிட் 2, பர்ல் 2 என்று மாற்றி மாற்றிப் பின்னினால் விளிம்பு ரப்பர்போல இழுக்கும். பிறகு, ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல். மொத்த உயரம் 14 செ.மீ வந்ததும், ஓரக் கண்ணிகளை விட்டுவிட்டு மற்றதை 14 கண்ணி வீதம் 8 பங்காகப் பிரியுங்கள். நிட் வரியில் மட்டும், பங்குக்கு ஒரு கண்ணி குறைத்து வாருங்கள். பங்குக்கு ஒன்று மிஞ்சும்போது, நூலை அறுத்துக் கண்ணிகளுக்குள் கோத்து இறுக்கி, பக்கவாட்டைத் தைத்துவிடலாம்.

நிறம் மாற்றும்போது தையல் ஓரத்திலேயே மாற்றுங்கள். 15 செ.மீ வால் விட்டு, ஊசியால் உள்ளே கோத்துவிட்டால் பிரியாது. குட்டையாக வெட்டினால், நாலு துவைப்பில் ஓட்டை விழும்.

துவைக்கும்போது...

ரோமக் குல்லாவை வெதுவெதுப்பான நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அமுக்கி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். ஈரம் போகாமல் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஐப்பசியில் ஊசியை எடுத்தால், உறைபனி கொட்டுவதற்குள் வீட்டில் ஆளுக்கொரு குல்லா தயாராகிவிடும். தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர்களுக்கும் சேர்த்தே பின்னலாம்!