நாய் எலும்பைப் புதைப்பது ஏன்?

வயிறார உண்ட நாய்க்கு ஓர் எலும்பைக் கொடுத்தால், அதனை அப்பொழுதே கடித்து முடிப்பது அரிது. எலும்பைக் கௌவிக்கொண்டு வளவின் ஒரு மூலைக்குச் சென்று, முன்னங்கால்களாற் குழி பறித்து, எலும்பை அதனுள் இட்டு, மூக்கினால் மண்ணைத் தள்ளி மூடிவிடுகின்றது. இச்செயலைக் காண்போர், நாயும் நாளைக்கெனச் சேமிக்கும் அறிவுடையதென வியப்பர். பூம்பாத்தியை இழந்தோரோ அதனை அடித்து விரட்டுவர். இவ்விரு சாராருள் எவரும் அச்செயலின் காரணத்தை உள்ளவாறு உணர்ந்தாரல்லர்.

நாயின் மூதாதை ஓநாய் ஆகும். ஓநாய்க்கு நாள்தோறும் இரை கிட்டுவதில்லை. பெரிய விலங்கொன்று வீழ்ந்தால் உணவு மிஞ்சும். மறுவேட்டை வாய்க்கும்வரை பட்டினியே. மிஞ்சியதை வெளியில் விட்டாற் காகமும் பிற ஊனுண்ணிகளும் கவர்ந்துவிடும். மண்ணுட் புதைத்தாலோ, அது பறவைகளின் கண்ணுக்கு மறைகின்றது. ஈ மொய்ப்பது குறைகின்றது. நிலத்தின் குளிர்ச்சியினால் பற்றீரியாக்களின் பெருக்கமும் தாமதமாகின்றது. எலும்போ, சத்து நிறைந்த மச்சையை வன்மையான ஓட்டினுட் பொதிந்து வைத்திருக்கும் பொருளாதலின் சேமிப்புக்கு மிகவும் ஏற்றது. இவ்வாறு மறைத்தவை பிழைத்தன. அவற்றின் வழித்தோன்றல்களில் அவ்வியல்பு நிலைபெற்றது. கூர்ப்பின் வழி இதுவே.

நாயினத்தைச் சேர்ந்த நரியிடத்தும் இவ்வியல்பு காணப்படும். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ரேவன்கிளாஸ் மணற்குன்றுகளில், 1973ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன் என்னும் விலங்கியலறிஞர், நரிகளின் அடிச்சுவடுகளைப் பின்பற்றி ஆராய்ந்தார். கடற்பறவைகள் முட்டையிடுங் காலத்தில் நரிகள் அம்முட்டைகளைக் கவர்ந்து, ஒரே குழியில் இடாது வெவ்வேறிடங்களிற் புதைத்தமை புலனாயிற்று. ஒன்றைப் பிறிதொரு விலங்கு கண்டெடுப்பினும் ஏனையவை தப்பும் என்பதே இதனால் விளையும் பயன்.

புதைத்ததை மீட்பது எங்ஙனம்? மோப்பத்தினால் மட்டுமே என்று கருதுவது பொருந்தாது. டேவிட் மக்டொனால்ட் என்பார் 1976இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழக்கப்பட்ட நரி தான் புதைத்த உணவைப் பெரும்பாலும் தவறாது கண்டெடுத்தது. அயலிற் பிறர் புதைத்ததையோ பெரும்பாலுந் தவறவிட்டது. எனவே இடத்தை நினைவில் வைக்கும் ஆற்றலும் உண்டென்பது தெளிவு.

ஆயின், புதைக்குஞ் செயல் சிந்தனையின் விளைவன்று. சீமெந்துத் தரையில் வளரும் நாயும், இல்லாத மண்ணைக் கால்களாற் பறித்து, எலும்பை வைத்து, வெறுந்தரையை மூக்கினால் தள்ளுவதுண்டு. எலும்பு வெளியே கிடக்கவும் தன் வேலை முடிந்ததெனத் திரும்பிவிடும். நாளையை எண்ணிச் செய்வதாயின் மறையாத பொருளை மறைந்ததாகக் கொள்ளுமா? கம்பளத்தின்மீது உறங்கப் புகும் நாய், புல்லை மிதித்துப் படுக்கை அமைப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வருவதைச் சாள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிட்டுள்ளார். இரண்டும் ஒரு தன்மையன. தேவை நீங்கிய பின்னும் செயல் எஞ்சி நிற்கின்றது. இதனையே இயல்பூக்கம் என்பர். புதைத்தல் பிறப்போடு வருவது. புதைத்த இடத்தை அறிதல் அவ்வவ் விலங்கின் நினைவைச் சார்ந்தது.

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பதினாலாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. வேளைதோறும் சோறு பெற்றும் அது பழைய பஞ்சத்துக்கு அஞ்சுவதுபோல நடந்துகொள்கின்றது. ஆதலின் குழி பறித்த நாயை அடிப்பதாற் பயனில்லை. உணவை மிஞ்சாத அளவில் இட்டு, வளவில் ஒரு மூலையைப் பறிப்பதற்கென விட்டுக்கொடுப்பதே தக்கது.