மடிக்கணினியின் நோயறிதலும் திருத்தமும்

நோய் இன்னதெனத் துணியாது மருந்து கொடுத்தல் தகாது. இவ்விதி உடலுக்கேயன்றிப் பொறிகளுக்கும் பொருந்துவதாகும். நேற்றுவரை இயங்கிய மடிக்கணினி இன்று ஆளியை அழுத்தியும் வாளாவிருப்பின், அஃது இறந்துபட்டதென்றே பலர் முடிவு கட்டுவர். அம்முடிவு பெரும்பாலும் ஆராயாது கொண்டதேயாகும்.

மாத்தளை மாவட்டத்து மாணவருக்கு இவ்வறிவு மிகவும் வேண்டப்படுவது. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கணினியுடைய வீடுகளில் அதுவே வகுப்பறையாயிற்று. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையாற் புதியதொன்றை வாங்குதல் பல குடும்பங்களுக்கு அரிதாயிற்று. ஆகவே, பழுதுற்றதைத் திருத்த இயலுமா என்பது ஒரு மாணவனின் கல்வி தொடருமா என்னும் வினாவோடு பிணைந்ததாகும்.

நோயறிவதற்கு மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழியாக வரும் மகாவலி நீர், 1976 முதல் உக்குவளையில் மின்சாரம் பிறப்பித்து வருகின்றது. நாட்டின் மின்வலையிற் சேரும் மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டமாக வீடுகளை அடைகின்றது. சார்ஜர் எனப்படும் மின்னேற்றி அதனைப் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுகின்றது. கணினியின் தாய்ப்பலகை அதனை 5, 3.3 வோல்ற்றுகளாகவும், செயலிக்கு ஏறத்தாழ 1 வோல்ற்றாகவும் குறைத்து வழங்குகின்றது. இவ்வழியில் ஓரிடம் தடைப்படினும் கணினி இயங்காது. அவ்விடத்தைக் கண்டறிதலே நோயறிதலாகும்.

ஆராய்ச்சி வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லுதல் முறை. சுவரிலுள்ள மின்குதை, வடம், மின்னேற்றி என்பவற்றை முதலிற் சோதித்தல் வேண்டும். பல்மானியால் மின்னேற்றியின் முனையை அளந்து, அதன்மேற் பொறித்த அளவோடு ஒப்பிடலாம். மின்னேற்றி நலமாயின், அதனையும் மின்கலத்தையும் அகற்றி, ஆளியை அரைநிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். உள்ளே எஞ்சிய மின்னேற்றம் இதனால் நீங்கும். பின்னர் மின்னேற்றியை மட்டும் இணைத்து இயக்கிப் பார்க்கலாம். இவ்வளவிலேயே உயிர்பெறும் கணினிகள் பல.

அதன்பின் அறிகுறிகளை மூவகையாகப் பகுத்தறியலாம். விளக்கும் எரியாது விசிறியும் சுழலாதாயின், குறை மின்வழியிலுள்ளது. மின்னேற்றி பொருந்தும் துளையின் பற்றாசு விட்டிருக்கலாம். தாய்ப்பலகையில் ஒரு சிறு கொள்ளளவி குறுஞ்சுற்றாகியிருக்கலாம். விளக்கெரிந்தும் திரை இருண்டிருப்பின், நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மீளப் பொருத்துதல் வேண்டும். வேறொரு திரையையும் இணைத்துப் பார்த்தல் நன்று. அதில் உருவம் தோன்றின் தாய்ப்பலகை பெரும்பாலும் குற்றமற்றது. திரையோ அதன் வடமோ பழுதுற்றிருக்கலாம். திரையில் எழுத்துத் தோன்றியும் மேலே செல்லாதாயின், சேமிப்பகத்தையோ இயங்குதளத்தையோ ஐயுறுதல் வேண்டும்.

“போர்ட் போய்விட்டது” என்று ஒரு திருத்துநர் சொல்லுவாராயின், எந்த உறுப்பு, எந்த அளவையாற் கண்டது என வினாவுதல் மாணவனின் உரிமை. விடை கூறவல்லவரே நோயறிந்தவராவர். குறுஞ்சுற்றான சிற்றுறுப்பொன்றே காரணமாயின், அதனை மாற்றியே பலகை முழுவதையும் மீட்கக்கூடும்.

எனினும் எல்லையறிந்து செய்தல் வேண்டும். வீங்கிய இலிதியம் மின்கலத்தை அழுத்துதலோ குத்துதலோ தீயை விளைக்கும். மின்னேற்றியின் உட்பகுதியில் உயர்ந்த அழுத்தம் தங்கியிருக்கும். பயிற்சியில்லாதார் அதனைத் திறத்தலாகாது.

கணினி மீளாவிடினும் அதிலுள்ள எழுத்துகள் மாய்ந்தனவல்ல. சேமிப்பகம் தனியுறுப்பாக உள்ள கணினிகளில் அதனைக் கழற்றி, உறையொன்றிலிட்டு, வேறொரு கணினியில் இணைத்து வாசிக்கலாம். மறைகுறியாக்கப்பட்டதாயின் அதன் திறவுகோல் வேண்டும். ஆதலின், திறவுகோலைத் தனியே குறித்து வைத்தலும், குறிப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்திற் காத்தலும் இன்றியமையாதன.

வருமுன் காத்தல் எளிது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை மிகுதி. வானம் முழங்கத் தொடங்கும் முன்னரே மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றுதல் நன்று. உறுப்பொன்று பழுதுற்றமைக்காக முழுப் பொறியையும் எறிதல் அறிவுடைமையன்று. காரணத்தை நாடிச் சென்று, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுதலே விஞ்ஞானம் கற்பிக்கும் நெறியாகும்.