திருவிழாவுக்கு ஒரு சுவர்ப் படம்

கோயில் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு ஏழு மணிபோல கோயில் வாசலில் கூடுவோம். வரி எவ்வளவு, கரகம் எடுப்பது யார், மேளம் எங்கே பிடிப்பது, ஸ்பீக்கர் யாருடையது என்று ஒன்பதரை வரைக்கும் பேசுவோம். ஒருவர் கொப்பியில் எழுதிக்கொள்வார். "மத்ததெல்லாம் பாத்துக்குவோம்" என்று சொல்லிக் கலைவோம். திருவிழாவில் வருகிற சண்டையில் பாதி, இந்தப் "பாத்துக்குவோம்" என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தேர் நாள். அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, மரக்கறி எல்லாம் வந்தாச்சு. விறகு மட்டும் வரவில்லை. உண்மையில் விறகு லொறி காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. ஆனால் வாசிகசாலைக்குப் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே முதல் நாள் இரவே பந்தல் கட்டிவிட்டார்கள். லொறி உள்ளே வர வழியில்லை. பந்தல் கட்டிய பையன்கள் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்தார்கள். விறகுக்காரரும் சொன்ன நேரத்துக்கு வந்தார். யார் மேலும் பிழை சொல்ல முடியாது. கடைசியில் பெண்கள்தான் அரை மைல் தூரம் விறகைத் தலையில் சுமந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிச் சாப்பாடு மூன்றே காலுக்குப் பரிமாறினார்கள். சின்னப் பிள்ளைகள் பசியில் அழுததும், பெரியவர்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டதும் தனிக் கதை.

பிறகு அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். பந்தல் நாலாம் பக்கத்தில் இருந்தது. விறகு ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே பார்வையில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் கொப்பியை விட்டுவிட்டுச் சுவரில் படம் போட்டோம். அந்த முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

படம் என்றதும் "அதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளையின் கிளினிக் கொப்பியை நினைத்துப் பாருங்கள். நிறை போட்டதும் ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. கோடு மேலே போனால் பிள்ளை தேறுகிறது, படுத்துவிட்டால் கவனிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத தாயும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். திருவிழாப் படமும் அதே மாதிரிதான்.

வேலைகளைக் கோடுகளாக்கி நாள்களின் மேல் போட்டுப் பார்க்கும் முறையை உலகத்தில் பரப்பியவர் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க எஞ்சினியர். அவர் 1861இல் பிறந்து 1919இல் காலமானவர். முதலாம் உலக யுத்த நேரத்தில் அமெரிக்காவில் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் இடங்களிலும் அவருடைய படங்கள் பயன்பட்டன. அவருக்கும் முன்பே, 1896இல், போலந்து நாட்டைச் சேர்ந்த கரோல் அடமியெட்ஸ்கி என்பவர் இதேபோல ஒன்றை ஆக்கியிருந்தார். இப்போது இதெல்லாம் போனிலேயே இருக்கிறது என்று இளைஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். போனில் உள்ளது போன் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். சுவரில் உள்ளது லயத்துக்கே தெரியும்.

கடையில் இரண்டு பிரிஸ்டல் போட் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே இடமிருந்து வலமாகக் கிழமைகளை எழுதுங்கள். இடது பக்கத்தில் வேலைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படமும் போடுங்கள்: சமையலுக்குப் பானை, மேளத்துக்குத் தப்பு, லைட்டுக்கு பல்பு. இதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள்.

வேலைகளைப் போடுமுன், நம் கையில் இல்லாத நாள்களை முதலில் போட வேண்டும். சம்பள நாள், அட்வான்ஸ் நாள், போயா, சித்திரை வருடப் பிறப்பு, பள்ளிக்கூடப் பரீட்சை, மழை விழுந்து கொழுந்து பொங்கும் காலம். இவற்றை நாம் மாற்ற முடியாது. இதைப் போடாமல் வேலையை மட்டும் எழுதினால் படம் அழகாகத்தான் இருக்கும், ஒன்றுக்கும் உதவாது.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். மே 20ஆம் திகதி தேர். தோட்டத்தில் 120 குடும்பம். வரி 3,000 ரூபா. மொத்தம் 360,000 ரூபா. வழக்கப்படி மே 10ஆம் திகதிச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறோம். இப்போது படத்தில் செலவுக் கோடுகளைப் போடுங்கள். ஸ்பீக்கர், லைட்டுக்காரருக்கு ஏப்ரல் மாதத்திலேயே முற்பணம். மேளகாரருக்கு முற்பணம். தேர் சிற்பக்காரருக்குச் சாமான் காசு. எல்லாம் வரிக்கு முந்திய கட்டத்தில் வந்து நிற்கிறது! அந்தக் காசு எங்கிருந்து வரும்? யாராவது ஒருவர் வட்டிக்கு எடுப்பார், அல்லது யாரோ வீட்டு நகை அடகுக்குப் போகும். அந்த வட்டியும் திருவிழாக் கணக்கில் சேர்ந்து, "கணக்கு சரியில்ல" என்ற பேச்சில் வந்து முடியும்.

சரி, ஏப்ரல் 10ஆம் திகதிச் சம்பளத்தில் பாதி வாங்கலாமா? படத்தைப் பாருங்கள். அதற்கு நாலு நாளில் வருடப் பிறப்பு. புதுத்துணி, பலகாரம், ஊருக்குப் போக பஸ் காசு. அந்த மாதம் யாரிடம் போய் வரி கேட்பது? ஆகவே மார்ச் 10ஆம் திகதி 1,000, ஏப்ரலில் 500 மட்டும், மே மாதம் 1,500 என்று பிரித்தால், முதல் தவணையிலேயே 120,000 ரூபா கையில் இருக்கும். ஏப்ரலோடு 180,000. முற்பணங்களைக் கடன் இல்லாமல் கொடுத்துவிடலாம். ஆனால் இதற்கு மார்ச் மாதமே கூட்டம் போட வேண்டும். தேருக்குப் பத்துக் கிழமைக்கு முந்தி! வாயால் சொன்னால் "இப்பவேவா?" என்று சிரிப்பார்கள். படத்தில் பார்த்தால் சிரிக்கமாட்டார்கள்.

அடுத்து, எது முடிந்தால் எது தொடங்கும் என்று பார்க்க வேண்டும். இதற்குத் தனிக் கடதாசி எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓர் அம்புக்குறி. ஸ்பீக்கர் கட்ட பொலிஸ் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கத் திகதி வேண்டும். திகதி சொல்லப் பூசாரி ஐயா நாள் பார்க்க வேண்டும், துரையிடமும் பேச வேண்டும். இது நாலு கண்ணி உள்ள சங்கிலி. வாழை மரம் வெட்டுவதற்கு இப்படி ஒன்றும் இல்லை, முதல் நாள் போய் வெட்டிக்கொள்ளலாம். ஆகவே எந்தச் சங்கிலி நீளமோ அதைத்தான் முதலில் இழுக்க வேண்டும். நாமோ பெரும்பாலும் சுகமான வேலையைத்தான் முதலில் தொடங்குவோம். நோட்டீஸ் அடிப்பதற்கு உள்ள அவசரம் அனுமதிக் கடிதத்துக்கு இருப்பதில்லை.

தேர் சுற்றுவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லயம், லயத்துக்குப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு வீடு பூசைத் தட்டு வரும். ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 120 வீட்டுக்கு 240 நிமிடம், அதாவது நாலு மணித்தியாலம். ஏற்றத்தில் இழுக்கவும் திருப்பவும் ஒரு மணித்தியாலம். மாலை ஆறுக்குப் புறப்பட்டால் திரும்பிவர இரவு பதினொன்று. அனுமதிக் கடதாசியில் பத்து மணி என்று இருந்தால்? கடைசி லயத்துக்காரர் மேளம் இல்லாமல் சாமி கும்பிட வேண்டியதுதான். ஒவ்வொரு வருடமும் அதே கடைசி லயம்தான் குறைப்படும். நாலரைக்கே புறப்படலாம், அல்லது மூன்று மூன்று தட்டாக வாங்கலாம், அல்லது இந்த வருடம் கடைசி லயத்திலிருந்து தொடங்கலாம். எது என்று கூட்டம் முடிவு செய்யட்டும். ஆனால் முன்கூட்டியே முடிவு செய்யட்டும்.

இனி இடப் படம். இதில் சோம்பல் படவே கூடாது. தோட்டத்தை மேலிருந்து பார்த்தது போல வரையுங்கள்: ரோடு, லயங்கள், கோயில், பீலி, பிள்ளை மடுவம், இஸ்டோர். அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேர் போகும் பாதையைச் சிவப்பில் போடுங்கள். லொறி வரும் பாதையைக் கறுப்பில் போடுங்கள். நோயாளி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வாகனம் வெளியே போகும் பாதையை நீலத்தில் போடுங்கள். கறுப்புக் கோட்டின் மேல் பந்தல் உட்கார்ந்தால் உடனே தெரிந்துவிடும். எங்கள் விறகுக் கதை அப்படித்தான் தீர்ந்தது.

பிறகு மின்சாரக் கம்பிகள். பாதையைக் கம்பி எங்கெல்லாம் தாண்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளடி போடுங்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு என்ற ஊரில் 2022 ஏப்ரல் 27ஆம் திகதி விடியற்காலையில் அப்பர் சாமி தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வருடா வருடம் போன பாதைதான் அது. ரோடு போட்டதில் பாதை உயர்ந்துவிட்டது என்பதும் அப்போது பேசப்பட்டது. நம் தோட்டங்களிலும் ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள், லயத்துக்கு லயம் புதுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். "போன வருசம் போச்சுதானே" என்பது போதாது. தேரின் உயரத்தைக் கலசம், லைட்டு, கொடியோடு சேர்த்து அளந்து படத்தில் எழுதுங்கள். சந்தேகமான இடம் இருந்தால் மின்சாரக் காரியாலயத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, தேர் தாண்டும்வரை கரண்டை நிறுத்திவைக்கக் கேளுங்கள். மூங்கில் கம்பால் கம்பியைத் தூக்கிவிடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஈரமான மூங்கிலில் கரண்ட் பாயும்.

கடைசியாக, யார் எதைச் செய்வது என்ற கட்டம். இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகள். பொறுப்பான இடத்தில் ஒரு புள்ளி. அந்தத் தோட்டத்தில் இதைப் போட்டபோது ஒரே ஒருவர் பெயருக்கு நேரே ஒன்பது புள்ளி விழுந்தது. அவர் நல்ல மனுசர், எல்லோரும் அவரிடம்தான் கொடுப்பார்கள். தேர் நாளில் அவர் எங்கே நிற்பார்? சாவி அவரிடம், காசு அவரிடம், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போவதும் அவர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் திருவிழாவுக்கே காய்ச்சல்தான்.

கட்டத்தைச் சுவரில் மாட்டியதும் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா கிட்ட வந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "தலைவரே, இதுல எங்க பேரு ஒண்ணுமே காணோமே. மரக்கறி நறுக்கிறது, ஆக்கிப் போடுறது, கோயில் கழுவுறது, பாத்திரம் தேய்க்கிறது எல்லாம் யாரு, சாமியா வந்து செய்யுது?" எல்லோரும் சிரித்தோம், ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்த வேலைகளையும் கட்டத்தில் ஏற்றினோம். ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, தேருக்கு முதல் நாள் மாலை நாலரை மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அதே பதினாறு பெண்கள், இரவு முழுக்கச் சமையலிலும் விடியற்காலை பாற்குடத்திலும் இருக்கிறார்கள். நித்திரைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மரக்கறி நறுக்குவதையும் பாத்திரத்தையும் இளைஞர் சங்கப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் எடுத்தார்கள், ஆனாலும் செய்தார்கள். காசுக் கணக்குப் பார்க்கிற மூன்று பேரில் ஒருவராக அந்த அம்மாவின் பெயரும் சேர்ந்தது.

படத்தை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். கோயிலில் மாட்டினால் பனியிலும் சாரலிலும் இரண்டு நாளில் கடதாசி ஊறிவிடும். பிள்ளை மடுவத்துச் சுவர் நல்லது. காலையிலும் மாலையிலும் தாய்மார் வந்து போகிற இடம். மேலே ஒரு பொலித்தீன் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த வேலைக்கு மஞ்சளைக் குழைத்துக் கோட்டின் மேல் பூசினோம், பிந்திய வேலைக்குக் குங்குமப் பொட்டு வைத்தோம். கலர் பேனை வாங்கும் காசு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிடம் படத்தின் முன் நின்று பேசினால் போதும், நீண்ட கூட்டம் வேண்டாம். ஒருவர் கோட்டில் பொட்டு விழுந்தால் அவரை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த கிழமை பொய் மஞ்சள் பூசுவார். "என்னாண்ணே, எங்க சிக்கிருச்சு?" என்று கேளுங்கள்.

திருவிழா முடிந்ததும் படத்தைக் கிழிக்க வேண்டாம். எந்த வேலை உண்மையில் என்றைக்கு முடிந்தது, எவ்வளவு காசு போனது என்று வேறு நிறத்தில் அதன் மேலேயே எழுதிச் சுருட்டி வையுங்கள். அடுத்த வருடத்துக்கு அதுதான் முதல் கடதாசி. எங்கள் தோட்டத்தில் இரண்டாம் வருடம் விறகு முதல் நாள் பகலிலேயே வந்து இறங்கியது, சாப்பாடு பன்னிரண்டரைக்கு. ஆனால் இரண்டு மணிக்கு நல்ல மழை, மூடுவதற்குத் தரப்பாள் இல்லை, மிச்ச விறகெல்லாம் நனைந்து இரவுச் சமையலுக்குப் புகைந்தது. மூன்றாம் வருடப் படத்தில் விறகுக்குக் கீழே ஒரு குடைப் படம் போட்ட வரி இருக்கிறது.