கைவேலையும் கர்த்தருடைய வருகையும்

முதலாம் தெசலோனிக்கேயர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை நம் ஆயர்கள் எப்பொழுதெல்லாம் எடுத்தாள்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அடக்க ஆராதனையில் 13 முதல் 18 வரையுள்ள வசனங்கள் தவறாமல் வாசிக்கப்படுகின்றன. வாலிபர் முகாம்களில் 3 முதல் 8 வரையுள்ள பகுதி பரிசுத்தத்தைக் குறித்த எச்சரிப்பாகப் போதிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் நான்கு வசனங்களோ கல்லறைத் தோட்டத்திலும் கேட்கப்படுவதில்லை, முகாமிலும் கேட்கப்படுவதில்லை. சகோதர சிநேகம், அமைதலான வாழ்வு, அவனவன் தன் கைகளால் வேலை செய்தல், சபைக்குப் புறம்பேயுள்ளவர்கள் முன் யோக்கியமாய் நடத்தல் ஆகியவற்றைப் பவுல் அங்கே பேசுகிறார். மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்னும் மாபெரும் அறிவிப்புக்கு அவர் கட்டியிருக்கும் வாசற்படி இதுவே.

இந்த இடத்தில் அப்போஸ்தலன் ஒரு பொருளை முடித்து வேறொன்றைத் தொடங்குகிறாரா, அன்றி ஒரே பொருளைத் தொடர்ந்து பேசுகிறாரா? நம் வேதபுத்தகங்களில் அச்சிடப்பட்டிருக்கும் பகுதித் தலைப்புகள் முதலாவது எண்ணத்தையே நமக்கு உண்டாக்குகின்றன. அத்தலைப்புகள் பதிப்பாளர்களுடையவை என்பதை மாணவர் நினைவிற்கொள்க. நிருபத்தை முழுவதுமாய் வாசிப்பவர் இரண்டாவது முடிவுக்கே வருவார் என்பது என் கருத்து.

அதற்கு முன், 'நம்பிக்கை' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் பழைய திருப்புதல் 'பிஸ்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை விசுவாசம் என்றும், 'எல்பிஸ்' என்பதை நம்பிக்கை என்றும் பெயர்த்துள்ளது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ 'பிஸ்டிஸ்' என்பதற்கு நம்பிக்கை என்றும், 'எல்பிஸ்' என்பதற்கு எதிர்நோக்கு என்றும் வழங்குகிறது. ஆக, ஒரே தமிழ்ச்சொல் ஒரு வேதத்தில் ஒன்றையும் மற்றொரு வேதத்தில் வேறொன்றையும் குறிக்கிறது. பேச்சு வழக்கிலோ இரண்டும் ஒன்றே. "அவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு" என்பதும், "மழை வரும் என்று நம்பிக்கை" என்பதும் ஒரே சொல்லால் முடிந்துவிடுகின்றன. இதனால் நம் சபையாருக்குக் கிறிஸ்தவ நம்பிக்கை என்பது மனத்திடம் அல்லது நல்லது நடக்கும் என்ற எண்ணம் என்ற அளவிலேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. பவுல் கூறும் எல்பிஸ் மனநிலையன்று. அது வரவிருக்கும் ஒருவரை நோக்கியிருப்பது. எதிர்நோக்கு என்ற சொல் செவிக்குச் சற்றுப் புதிதாய் இருப்பினும், இந்தத் திசையைத் தெளிவாய்க் காட்டுகிறது. இக்கட்டுரையில் பழகிய சொல்லையே கையாளுகிறேன். பொருளை மட்டும் இவ்வாறு கொள்க.

தெசலோனிக்கே மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகர், துறைமுகப் பட்டணம், எக்னாத்தியா என்னும் ரோமப் பெருவழியில் அமைந்திருந்தது. பவுல் அங்கே தங்கியிருந்த காலம் குறுகியது. கலகம் எழும்பி, இராத்திரியிலே அவர் அனுப்பிவிடப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் கூறும். ஏறக்குறைய கி.பி. 50-இல் கொரிந்துவிலிருந்து இந்நிருபத்தை எழுதினார். புதிய ஏற்பாட்டு நூல்களுள் காலத்தால் முந்தியது இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. நிருபத்தின் ஐந்து அதிகாரங்களிலும் கர்த்தருடைய வருகை பேசப்படுகிறது (1:10, 2:19, 3:13, 4:15, 5:23). அதே நிருபத்தில்தான், ஒருவருக்கும் பாரமாயிராதபடிக்கு இரவும் பகலும் வேலை செய்ததைப் பவுல் நினைப்பூட்டுகிறார் (2:9). கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர் அவர் (அப். 18:3). பட்டறையில் குனிந்து உட்கார்ந்து ஊசியும் கத்தியும் பிடித்த கையினரே வருகையைக் குறித்த இந்த நிருபத்தின் ஆசிரியர் என்பதை விளக்கவுரைகள் போதுமான அளவுக்கு அழுத்திக் கூறுவதில்லை.

இனி 4:11-க்கு வருவோம். அமைதலாயிருப்பதை 'நாடும்படி' என்று நம் திருப்புதல் மெதுவாகக் கூறுகிறது. மூலத்தில் உள்ள 'பிலோதிமேயிஸ்தாய்' என்னும் வினை இன்னும் கூர்மையானது. அதன் வேர்ப்பொருள் கனத்தை விரும்புதல். கிரேக்கப் பட்டணங்களில் செல்வந்தர் தம் பணத்தால் மண்டபம் கட்டுவார்கள். விளையாட்டு விழாக்கள் நடத்துவார்கள். பஞ்சகாலத்தில் தானியம் வழங்குவார்கள். பட்டணத்தார் அதற்கு ஈடாக அவர்கள் பெயரைக் கல்லில் பொறிப்பார்கள். இந்தப் புகழ்வேட்கைக்கு வழங்கிய சொல்லையே பவுல் எடுத்து, அதனோடு 'ஹேசுகாட்செயின்', அதாவது அமைதியாயிருத்தல், என்பதைச் சேர்த்துவிடுகிறார். புகழ் தேடும் ஆவலோடு, எவர் கண்ணிலும் படாத வாழ்வைத் தேடுங்கள் என்பது போன்ற முரண் அதில் இருக்கிறது. நம் ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கைகளிலும், பெஞ்சுகளின் முதுகிலும் உபயம் செய்தவர் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காணும் நமக்கு இந்த முரண் எளிதில் விளங்கும்.

இது வெறும் நல்லொழுக்க அறிவுரையன்று. கல்வெட்டு எதற்காக? மரணத்துக்குப் பின்னும் பெயர் நிற்பதற்காக. தன்னைத் தேவன் மறவார் என்றும், மரணத்தினின்று எழுப்புவார் என்றும் நம்புகிறவனுக்கு அந்தக் கல் தேவையில்லை. இரண்டு வசனங்கள் கழித்துப் பவுல் நித்திரையடைந்தவர்களைக் குறித்துப் பேசத் தொடங்குவதை இந்த ஒளியில் நோக்குவோமாக. மரித்தவர்கள் இழந்துபோகப்படவில்லை என்னும் அறிவிப்பு, மேலே கூறிய அமைதலான உழைப்புக்கு ஆதாரமாகிறது. பவுல் தாமே இந்தத் தொடர்பை விரித்துரைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார். இவ்வளவு என் துணிபு.

சபையில் வேலை செய்யாதிருந்தோர் சிலர் இருந்தனர் என்பது 5:14-லிருந்து தெரிகிறது. அவர்களைக் குறிக்கும் 'அதாக்தோஸ்' என்னும் சொல் போர்வீரன் தன் அணியைவிட்டு விலகி நிற்பதைக் குறிப்பது. ஆனால் அன்றாட வழக்கில் அதன் பயன் எத்தகையது என்பதை எகிப்தின் மணல் காத்து வைத்திருந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று காட்டுகிறது. ஆக்சிரிங்கஸ் என்னும் ஊரில் கிடைத்த, கி.பி. 66-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒப்பந்தம் அது. தந்தை ஒருவர் தம் மகனை நெசவாளியிடம் தொழில் பழக விடுகிறார். பையன் வேலைக்கு வராமல் இருக்கும் நாள்களுக்கு ஈடாக, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அத்தனை நாள்கள் அவனைக் கொண்டுவந்து விடவேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. 'வேலைக்கு வராமல் இருத்தல்' என்பதற்கு அங்கே வழங்கப்பட்டுள்ள வினை இதே வேரினின்று பிறந்தது. ஆகவே பவுல் கண்டிக்கும் ஒழுங்கின்மை ஏதோ பெருங்குற்றம் அன்று. தறிக்கு முன் இருக்கவேண்டியவன் இல்லாமற்போதல்.

அவர்கள் ஏன் வேலையை விட்டார்கள்? கர்த்தர் உடனே வருகிறார் என்ற பரபரப்பினால் என்பது வழக்கமான விளக்கம். செல்வரை அண்டி வாழும் அக்காலப் பழக்கத்தை விசுவாசிகளான பின்னும் சிலர் தொடர்ந்தனர் என்பது பிற்கால ஆய்வாளர் சிலர் கூற்று. வருகையைக் காரணமாகப் பவுல் எங்கும் நேரே கூறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் நோய்க்குக் காரணம் எதுவாயினும் அவர் தரும் மருந்து ஒன்றே. வருகையின் நம்பிக்கையைக் குறைத்துப் பேசி அவர்களை வேலைக்கு அனுப்பவில்லை. அந்த நம்பிக்கையை இன்னும் தெளிவாக்கியே அனுப்புகிறார்.

பரபரப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் அயலிலேயே சான்று உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் சி.எம்.எஸ். சபையின் குருவாக விளங்கிய ஜஸ்டஸ் யோசேப்பு, 1870-களில் அங்கே எழும்பிய உயிர்மீட்சியின் தலைவர்களுள் ஒருவர். 1881-இல் கர்த்தர் வருவார் என்று அவர் அறிவித்தார். அவ்வாண்டு வந்து கடந்துபோயிற்று; அவரைப் பின்பற்றியவர்கள் தனிச்சபையாய்ப் பிரிந்தனர். அவர் இயற்றிய மலையாளப் பாடல்கள் இன்றும் பல சபைகளில் பாடப்படுகின்றன என்பதையும் நியாயத்தின்பொருட்டுச் சொல்லவேண்டும். பக்தியற்றவரோ அறிவற்றவரோ அல்லர் அவர். நாளைக் கணிப்பதில் உள்ள ஆபத்து பக்தியுள்ளவர்களுக்கே அதிகம். காலங்களைக் குறித்து உங்களுக்கு எழுதவேண்டுவதில்லை என்று பவுல் ஒதுக்கிவிடுவது (5:1) இதனாலேயே.

பரிசுத்தத்தைக் குறித்த 4:3-8 பகுதியையும் இந்த வரிசையில் வைத்தே வாசிக்கவேண்டும். வேசிமார்க்கத்துக்கு விலகியிருத்தல் அங்கே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. நான்காம் வசனத்தில் 'பாத்திரம்' என்று பொருள்படும் சொல் ஒருவனுடைய சரீரத்தைக் குறிக்கிறதா, மனைவியைக் குறிக்கிறதா என்பதில் பழங்காலந்தொட்டே கருத்து வேறுபாடு உண்டு. நம் திருப்புதல் முதலாவதை ஏற்றது. எனக்கு அதைவிடச் சிந்தனையைத் தூண்டுவது ஆறாம் வசனம். சகோதரனை வஞ்சியாதிருக்கவேண்டிய 'காரியம்' எது? அங்குள்ள 'பிராக்மா' என்னும் சொல்லுக்கு அலுவல், வியாபாரம் என்ற பொருளும் உண்டு. லத்தீன் வேதமும் லூத்தரின் ஜெர்மன் திருப்புதலும் அவ்வழியே சென்றன. இக்கால உரையாசிரியர் பெரும்பாலோர் முன்வசனங்களின் தொடர்ச்சியாகவே கொண்டு, பிறன் மனையை நாடுவதையே இது குறிக்கிறது என்பர். சூழலை நோக்கின் அதுவே பொருத்தம். ஆயினும் படுக்கையறையையும் கடைத்தெருவையும் ஒரே சொல்லால் தொடக்கூடிய ஒரு போதனையிலிருந்து, பரிசுத்தத்தை முன்னதற்குள் மட்டும் அடைத்துவைக்க நமக்கு அதிகாரம் ஏது? வாலிபரின் ஒழுக்கத்தைக் குறித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அதே வாலிபருக்குப் பேசி வாங்கப்படும் சீதனத்தைக் குறித்து வாய் திறவாத பிரசங்கங்கள் எத்தனை!

இந்தப் பரிசுத்தம் வருகைக்கு முன் நாம் சேர்த்துவைக்கவேண்டிய தகுதி அன்று என்பதையும் சீர்திருத்தச் சபையாராகிய நாம் மறத்தல் கூடாது. தேவன் தம்முடைய பரிசுத்த ஆவியைத் தருகிறவர் என்று 4:8 முடிகிறது. முற்றிலும் பரிசுத்தமாக்குகிறவர் அவரே என்று 5:23 ஜெபிக்கிறது. அழைத்தவர் உண்மையுள்ளவர், அவரே செய்வார் என்று அடுத்த வசனம் உறுதி கூறுகிறது. பயமுறுத்திப் பெறும் பரிசுத்தத்துக்குக் கன்வென்ஷன் பந்தலோடு ஆயுள் முடிந்துவிடும்.

இனி 4:17. ஆண்டவரை எதிர்கொண்டுபோகுதல் என்ற இடத்தில் 'அபாந்தேசிஸ்' என்னும் சொல் நிற்கிறது. பட்டணத்துக்கு வரும் அதிபதியை மக்கள் எல்லைவரை சென்று வரவேற்று, தங்களோடு அழைத்துவரும் வழக்கத்துக்கு இச்சொல் ஆளப்பட்டதுண்டு. ரோமச் சகோதரர் அப்பியு புரம் வரைக்கும் வந்து பவுலை எதிர்கொண்டபோதும் (அப். 28:15), பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோனபோதும் (மத். 25:6) இச்சொல்லே வருகிறது. இரண்டிலும் எதிர்கொண்டவர்கள் வந்தவரோடு திரும்பினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைக்குச் செல்லும் நம்மவர் அங்கேயே தங்கிவிடுவதில்லை அல்லவா? இங்கும் பவுல் அந்த உருவகத்தை முழுவதும் எண்ணினாரா என்று உறுதியாய்ச் சொல்ல இயலாது. மேகங்களில் சந்தித்தபின் எத்திசை என்று அவர் எழுதவில்லை. எனினும் அதுவே பொருளாயின், கிறிஸ்தவ நம்பிக்கை பூமியைக் கைவிட்டு ஓடும் ஆசையாக இருத்தல் இயலாது. வரவிருக்கும் அரசருக்காக வீட்டைப் பெருக்கி வைக்கிறவர்களின் உழைப்பே நம்முடையது. முதலாம் கொரிந்தியரிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். உயிர்த்தெழுதலைக் குறித்த நெடிய 15-ஆம் அதிகாரம் கர்த்தருக்குள் படும் பிரயாசம் வீணல்ல என்று முடிகிறது. அடுத்த வசனம் எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் குறித்தது.

மறுபுறத்திலும் ஒரு தவறு உண்டு. 1964-இல் மோல்ட்மன் தம் நம்பிக்கையின் இறையியலை வெளியிட்ட காலந்தொட்டு, நம்பிக்கை இவ்வுலகை மாற்றும் ஆற்றல் என்று நம் கல்லூரிகளில் போதித்து வருகிறோம், அது நன்றே. ஆனால் மாற்றத்துக்குரிய பெரிய திட்டங்களைப் பேசும் வேகத்தில், மாற்ற இயலாத நாள்களைக் கடத்தும் எளிய விசுவாசியை விட்டுவிடுகிறோம். கால்வின் தம் நூலின் மூன்றாம் பகுதியில் வருங்கால வாழ்வைத் தியானிப்பது பற்றி ஓர் அதிகாரமும், உடனே அடுத்ததாக இவ்வாழ்வையும் அதன் பொருள்களையும் பயன்படுத்தும் முறை பற்றி ஓர் அதிகாரமும் எழுதினார். இரண்டும் சேர்ந்தே நிற்கவேண்டும்.

தென்காசிப் பக்கத்துச் சபையொன்றில் விடியுமுன் எழுந்து, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுடைய இலையில் குறை சொல்லிக் கூலியைக் கழிக்கும் கணக்கரும் அதே ஆலயத்தில் முன்வரிசையில் இருக்கக்கூடும். அவள் கணவனை அடக்கம் பண்ணிய நாளில் 4:13-ஐ வாசித்தோம். அவளுடைய கைவேலை கர்த்தருக்கு முன் கனமுள்ளது என்று 4:11-ஐக் கொண்டு என்றாவது அவளுக்குச் சொன்னோமா? கணக்கருக்கு 4:6-ஐ வாசித்தோமா? புறம்பேயுள்ளவர்கள் கிறிஸ்தவர்களைக் குறித்து என்ன எண்ணுகிறார்கள் என்பதை அந்தக் கூலிக்கணக்கே முடிவு செய்கிறது. நம் சுவரொட்டிகள் அல்ல.

நிருபத்தை முடிக்கும்போது, இது சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்படவேண்டும் என்று பவுல் கர்த்தர்பேரில் ஆணையிடுகிறார் (5:27). தாமே வாசிக்க அறியாதோர் அச்சபையில் பலர் இருந்திருப்பர். அவர்கள் செவியாலேயே நிருபத்தைப் பெற்றனர். தொழில் செய்து களைத்தவர்களும், செய்யாமல் திரிந்தவர்களும், இறந்தவர்களுக்காகத் துக்கித்தவர்களும் ஒரே அறையில் அமர்ந்து, நான்காம் அதிகாரத்தை அதிகாரம் என்று அறியாமலே, தொடக்கமுதல் முடிவுவரை ஒரே மூச்சில் கேட்டார்கள்.