ஐடிலிங் நிலைக்காத பழைய வண்டி: பம்பை இறக்கும் முன் பாருங்கள்

சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு வாடகை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் வண்டி மக்கர் செய்தால் அந்த மிச்சம் முழுவதும் ஒரே பில்லில் போய்விடும். மற்ற அன்பர்களுக்காவது அச்செலவு மிஞ்சட்டும் என்பதற்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய டாடா 407. 1986-ல் அறிமுகமான இந்த ரகத்தின் பழைய வண்டிகள் இன்றும் நம் கடைவீதிகளில் ஓடுகின்றன. விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும் ஏற்றி வரும் வண்டி இது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் ஓட்டம் ஏறி இறங்கும். சில சமயம் நின்றேவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக் ஐடிலிங் ஸ்குருவைத் திருகி ஓட்டத்தைக் கூட்டிவிட்டார். வண்டி நிற்கவில்லை, டீசல்தான் கூடுதலாகச் செலவானது. ஒரே வாரத்தில் பழைய கதை. அடுத்தவர், "பம்பை இறக்கியாக வேண்டும்" என்றார். தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரம். கையிலிருந்த முதலைப் பம்புக்குக் கொடுத்துவிட்டு, வண்டியையும் நிறுத்திவிட்டால் வியாபாரம் என்னாவது?

அப்போது எங்கள் டிரைவர், "முதலாளி, பம்பில் கை வைக்கும் முன் ஒரு கேன் டீசலில் ஓட்டிப் பார்ப்போம்" என்றார். டேங்கிலிருந்து பீடு பம்புக்கு வரும் ஓஸைக் கழற்றி, வேறொரு ஓஸை மாட்டி, அதன் முனையைச் சுத்தமான டீசல் கேனில் விட்டார். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் சீராக ஓடியது! கோளாறு பம்பில் இல்லை, டேங்குக்கும் பீடு பம்புக்கும் இடையில்தான் என்பது தெளிவாயிற்று. பழைய ரப்பர் ஓஸில் மயிரிழை வெடிப்பு. பீடு பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே டீசல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே போகிறது. இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடுவதால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. புது ஓஸும் செப்பு வாஷர்களும் போட்டதோடு வேலை முடிந்தது.

செலவு குறைந்ததிலிருந்து சோதனையைத் தொடங்குவதே முறை:

1. டீசல் பில்டர் அடைத்திருக்கிறதா, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துவாரமும் அடைபடக் கூடாது.

2. ஜாயிண்ட், ஓஸ், வாஷர் ஆகியவற்றைச் சோதியுங்கள். பில்டரின் ஏர் ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். மறுநாளும் நுரை வந்தால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள்.

3. ஏறி இறங்காமல், ஒரே சீராக உதறினால் நாசிலைச் சந்தேகிக்கலாம். மெக்கானிக்கைக் கொண்டு நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்த சிலிண்டரில்தான் குறை. நாசில் சரியாக இருந்தால் வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையைக் காட்டவே கூடாது.

4. ஆக்சிலேட்டர் கேபிள் சிக்காமல் முழுவதும் திரும்புகிறதா என்று பாருங்கள்.

5. இவையெல்லாம் சரியாக இருந்தும் தடுமாறினால் மட்டும் பம்ப், கவர்னர் பக்கம் போகலாம். அது பம்ப் டெஸ்டிங் மெஷின் உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை. சீலை நாமே உடைக்கக் கூடாது.

ஐடிலிங் ஸ்குருவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்; கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் கூட்டுவது நோயை மறைப்பதாகும். இம்முறை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் மிகக் கடுமை; அவற்றில் பைப் நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து.

கடைக்குப் பேரேடு வைப்பது போல வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். பில்டர் மாற்றிய தேதி, ஓஸ் மாற்றிய தேதி, போட்ட டீசல், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கட்டும். கணக்குத் தெரிந்த முதலாளியிடம் தேவையில்லாத வேலையைச் சொல்ல யாரும் தயங்குவார்கள்.