ஆறு இலக்கங்கள், மிகச் சிறிய கூட்டுத்தொகை

1, 2, 3, 4, 5, 6 ஆகிய இலக்கங்களைத் தலா ஒரு முறை மட்டும் பயன்படுத்தி இரண்டு மூவிலக்க எண்களை அமைக்க வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்க வேண்டும். எப்படி அமைப்பீர்கள்?

பலரும் முதலில் எழுதுவது 123, 456. கூட்டினால் 579. சிறிய இலக்கங்கள் முன்னால் நிற்பதால் இது சரிபோலத் தோன்றும். ஆனால், இரண்டாம் எண்ணின் நூறு இடத்தில் 4 உட்கார்ந்திருக்கிறதே!

இந்த ஆறு இலக்கங்களை 720 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் கூட்டிப் பார்க்க வேண்டாம் மாணவர்களே. இடமதிப்பைக் கவனித்தால் போதும். நூறு இடத்தில் உள்ள இலக்கம் நூறு மடங்காகிறது. பத்து இடத்தில் பத்து மடங்கு. ஆகவே 1, 2 நூறு இடத்திற்கு, 3, 4 பத்து இடத்திற்கு, 5, 6 ஒன்று இடத்திற்கு. 300 + 70 + 11 = 381.

இதைவிடக் குறைக்க முடியாது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நூறு இடத்தில் 5, பத்து இடத்தில் 2 இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் இடம் மாற்றினால் நூறு இடத்தில் 300 குறையும். பத்து இடத்தில் 30 கூடும். மொத்தத்தில் 270 குறைகிறது. பெரிய இலக்கம் உயர்ந்த இடத்திலும் சிறியது தாழ்ந்த இடத்திலும் இருக்கும்வரை இப்படிக் குறைக்கலாம். 381-இல் மாற்றுவதற்கு அப்படி ஒரு சோடிகூட மிச்சமில்லை.

விடை ஒன்றுதான்; எழுதும் வழிகள் நான்கு: 135 + 246, 136 + 245, 145 + 236, 146 + 235.

6-க்குப் பதிலாக 0 கொடுக்கப்பட்டால் கவனம் தேவை. மூவிலக்க எண் 0-இல் தொடங்காது. ஆகவே 1, 2 நூறு இடத்திலேயே இருக்க, 0 பத்து இடத்திற்குப் போகும்: 104 + 235 = 339.

381-க்கு அடுத்து வரக்கூடிய கூட்டுத்தொகை 382 அல்ல, 390. இரு இலக்கங்கள் வெவ்வேறு இடங்களுக்கு மாறும்போது, அவற்றின் வித்தியாசம் 9, 90 அல்லது 99-ஆல் பெருக்கப்படுகிறது. மூன்றுமே 9-இன் மடங்குகள். அதனால் இடைப்பட்ட எண்கள் வரவே வராது.

கணக்கெழுதுபவர்களுக்கு இது பழகிய உண்மை. 63 ரிங்கிட்டை 36 என்று மாற்றி எழுதினால் கணக்கு 27 ரிங்கிட் உதைக்கும். இடிக்கும் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்றுதான் அவர்கள் முதலில் தேடுவார்கள். 27-ஐ 9-ஆல் வகுத்தால் 3. மாறிய இலக்கங்களான 6-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசமும் அதுவே.